பாவமன்னிப்பும் சிலுவையும்

 

கிறிஸ்தவ நண்பர்களுடன் கற்கும் நம் பிள்ளைகள், “ஒருவரின் பாவத்திற்காக இன்னொருவர் தண்டனை பெறுவது நீதியா?” என வினவுவதுண்டு. வினவுவதில் தவறில்லை. ஆயினும், அவர்கள் நம்புவது யாதென அறியாமல் விவாதிப்பது நேர்மையாகாது.

இயேசுவின் மரணத்தால் மனிதருக்குப் பாவமீட்சி கிடைத்தது என்பதே பெரும்பான்மைக் கிறிஸ்தவரின் நம்பிக்கை. அது எவ்வாறு நிகழ்ந்தது என்பதில் அவர்களிடையே பல விளக்கங்கள் உள்ளன.

3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஒரிஜன், ஷைத்தானின் பிடியிலிருந்து மனிதரை மீட்கக் கொடுத்த விலையாக அதனைக் கண்டார். கன்டர்பரி பேராயர் அன்செல்ம் 1098இல் முடித்த நூலில் இதனை மறுத்தார். பாவம் இறைவனின் கண்ணியத்திற்கு இழைத்த குறை. அதனை ஈடுசெய்ய மனிதனால் இயலாததால் கிறிஸ்து ஈடுசெய்தார் என்றார். 12ஆம் நூற்றாண்டில் அபெலார்ட், சிலுவையில் வெளிப்பட்ட இறையன்பே உள்ளத்தைத் திருத்துகின்றது என வலியுறுத்தினார். 16ஆம் நூற்றாண்டில் கல்வின், நமக்குரிய தண்டனையைக் கிறிஸ்து ஏற்றார் என விளக்கினார்.

இதற்கு ஆட்சேபமும் அங்கிருந்தே எழுந்தது. 1594இல் வெளியான நூலில் பவுஸ்தோ சொசீனி, கடனை முழுமையாகப் பெற்றுக்கொண்டால் அது மன்னிப்பாகுமா என்ற கருத்தை முன்வைத்தார். திருச்சபைகள் அவரை ஏற்கவில்லை. மூன்றாம் நபரொருவர் தண்டிக்கப்படவில்லை, இறைவனே மனிதனாகி அவ்விலையைத் தாமே ஏற்றார் என்பதே கிறிஸ்தவரின் பதில்.

ஆகவே, அடிப்படை வேறுபாடு மன்னிப்பில் மட்டுமன்று. ஈஸா (அலை) அவர்கள் யார் என்பதிலும் உள்ளது. அவர் இறைவனின் தூதர் என நாம் நம்புகின்றோம். ஆதம் (அலை) அவர்களின் தௌபாவை அல்லாஹ் ஏற்றுக்கொண்டான் என்றும், ஒருவரின் சுமையை மற்றவர் சுமப்பதில்லை என்றும் அல்குர்ஆன் போதிக்கின்றது.

எனினும், தௌபா வெறும் நாவின் சொல்லன்று. பாவத்தை விட்டு விலகுதல், வருந்துதல், மீண்டும் செய்வதில்லை என உறுதிகொள்ளுதல் ஆகியன அதன் நிபந்தனைகள். பிறர் உரிமையைப் பறித்திருந்தால் அதனைத் திருப்பிக் கொடுத்தலும் அவசியம். அபகரித்த காணியைக் கையில் வைத்துக்கொண்டு இஸ்திஃபார் ஓதுபவர், மன்னிப்பின் விலையைப் பற்றி அயலவரிடம் விவாதிக்கத் தகுதியுடையவரா? சிந்தியுங்கள்.

அறிந்து பேசவும், பேசியவாறு வாழவும் அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக. ஆமீன்.