வீட்டில் "காணவில்லை" புகார் கொடுத்தால் என்ன ஆகும்? தமிழ்நாட்டில் பால்புதுமையினரும் சட்டமும்

ஒவ்வொரு வருஷமும் நாம எல்லாரும் ஒரு ஆன்டி-ராகிங் உறுதிமொழி நிரப்புறோம். படிக்காமலே டிக் அடிச்சிட்டு அடுத்த பக்கம் போயிடுவோம். அந்த உறுதிமொழிக்குப் பின்னால் இருக்கும் யுஜிசி விதிகளில் 2016-ல் ஒரு திருத்தம் வந்தது. சாதி, மதம், நிறம், ஊர் மட்டுமில்லாமல், பாலினம் (திருநர் உட்பட), பாலீர்ப்பு இவற்றை வைத்து ஒரு மாணவரைக் கேலி செய்வதும் ஒதுக்குவதும்கூட ராகிங்தான் என்று அந்தத் திருத்தம் சொல்கிறது. அதாவது ஹாஸ்டலில் ஒருத்தனை "ஒம்போது" என்று கூப்பிட்டுச் சிரிக்கிறோமே, அது வெறும் கிண்டல் கணக்கில் வராது. 1800-180-5522 என்ற ராகிங் எதிர்ப்பு எண்ணுக்குப் போகக்கூடிய புகார் அது. ஜூனியர்தான் கொடுக்கணும்னு இல்ல, கிளாஸ்மேட்டே கொடுக்கலாம்.

இதைத் தெரிந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? "377 போயிடுச்சுல்ல, அப்புறம் என்ன?" என்பதோடு பெரும்பாலும் பேச்சு முடிந்துவிடுகிறது. 377 போனது 2018 செப்டம்பர் 6-ல், நவ்தேஜ் சிங் ஜோஹர் வழக்கில். வயது வந்த இருவர் சம்மதத்தோடு தனிமையில் இருப்பது குற்றமில்லை என்றது உச்ச நீதிமன்றம். 2009-ல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னதை 2013-ல் உச்ச நீதிமன்றமே கவிழ்த்து, பிறகு ஐந்து வருஷம் கழித்துத் திரும்பி வந்த கதை அது. ஆனால் "நீ குற்றவாளி இல்லை" என்பது ஒன்று, "உனக்கு இன்னின்ன உரிமை இருக்கு" என்பது வேறொன்று. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை நிரப்பியதில் நம்ம சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் பெரிய பங்கு உண்டு. வேறு மாநிலத்து வக்கீல்களும் எடுத்துக் காட்டும் தீர்ப்புகள் இவை. இந்தக் கட்டுரை 2025 ஜூன் வரையிலான நிலையைச் சொல்கிறது.

முதலில், நம் வயதுக்காரர்களுக்கு நிஜமாகவே நடக்கும் விஷயம். ரெண்டு பொண்ணுங்க காதலிக்கிறாங்க. வீட்டுக்குத் தெரிந்துவிடுகிறது. கல்யாணப் பேச்சு, அடி, போன் பறிப்பு. ஒரு நாள் கிளம்பி சென்னைக்கு வந்துவிடுகிறார்கள். வீட்டார் "பொண்ணைக் காணோம்" என்று ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்கிறார்கள், போலீஸ் தேட ஆரம்பிக்கிறது. 2021-ல் மதுரையைச் சேர்ந்த இருவர் இதே நிலையில்தான் பாதுகாப்பு கேட்டு உயர் நீதிமன்றம் போனார்கள். சுஷ்மா வழக்கு என்று அதைச் சொல்வார்கள்.

வழக்கு நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் முன் வந்தது. இந்த விஷயத்தைத் தான் முழுதாகப் புரிந்துகொள்ளவில்லை என்று அவரே வெளிப்படையாகச் சொல்லி, தீர்ப்பு எழுதும் முன் ஒரு உளவியலாளரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். பெற்றோரையும் கவுன்சிலிங்குக்கு அனுப்பினார். அப்புறம் 2021 ஜூன் 7 அன்று வந்த உத்தரவில் போலீசுக்கு ஒரு தெளிவான கட்டளை இருந்தது: காணவில்லை என்று புகார் வந்து விசாரிக்கும்போது, இருவரும் வயது வந்தவர்கள், சம்மதத்தோடுதான் இருக்கிறார்கள் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு புகாரை முடித்துவிட வேண்டும், தொந்தரவு செய்யக் கூடாது.

தலைப்பில் இருக்கும் கேள்விக்குப் பதில் இதுதான். புகார் வந்தால் போலீஸ் கூப்பிடும். நீங்கள் 18 முடித்தவர் என்பதற்கு ஆதாரமும், சொந்த விருப்பத்தில் வந்தேன் என்ற வாக்குமூலமும் போதும். உங்களை வீட்டாரிடம் "ஒப்படைக்க" யாருக்கும் அதிகாரம் கிடையாது. ஒரு எச்சரிக்கை: முதலாமாண்டில் 17 வயதில் இருப்பவர்கள் நிறைய பேர். 18-க்குக் கீழே என்றால் போக்சோ சட்டம் வரும். அந்தச் சட்டத்தின் கண்ணில் சம்மதத்துக்கு மதிப்பில்லை, ஆண் பெண் என்ற வித்தியாசமும் இல்லை. அதனால் வயசு விஷயத்தில் அலட்சியம் வேண்டாம்.

அந்த உத்தரவைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு 2022-ல் காவலர் நடத்தை விதிகளில் 24-சி என்ற புது விதியைச் சேர்த்தது. பால்புதுமையினரையோ அவர்களுக்காக வேலை செய்பவர்களையோ எந்தக் காவலரும் துன்புறுத்தக் கூடாது. சட்டப்படியான விசாரணைக்குத் தடையில்லை என்று கூடவே ஒரு வரியும் உண்டு. அந்த வரி எவ்வளவு தூரம் இழுபடும் என்பது ஸ்டேஷனைப் பொறுத்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் "எந்த சட்டத்துல இருக்கு?" என்று ஏட்டு கேட்டால் சொல்ல ஒரு நம்பர் இருக்கிறது.

அதே வழக்கின் இன்னொரு விளைவு, "மாற்று சிகிச்சை"க்குத் தடை. பையனை டாக்டரிடமோ சாமியாரிடமோ கூட்டிப்போய் "சரி பண்ணித் தாங்க" என்று கேட்பது நம் ஊரில் சாதாரணம். தன்பாலீர்ப்பு நோயே இல்லை என்பதால் அதைக் குணப்படுத்தும் பேச்சுக்கும் இடமில்லை. 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம், இப்படிச் சிகிச்சை கொடுப்பது மருத்துவரின் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. புகார் நிரூபணமானால் மருத்துவ கவுன்சில் அவர்மேல் நடவடிக்கை எடுக்கலாம். டாக்டருக்கு இது சரி. சாமியாருக்கு எந்த கவுன்சில் என்று கேட்காதீர்கள்.

காலேஜ்களுக்கும் அந்த உத்தரவில் பட்டியல் இருக்கிறது. பாலினப் பொதுக் கழிப்பறை, விண்ணப்பத்தில் ஆண் பெண் தவிர மூன்றாவது கட்டம், திருநர் மாணவர்களின் சான்றிதழில் பெயரும் பாலினமும் மாற்ற வழி, பால்புதுமையினரைப் புரிந்துகொள்ளும் கவுன்சிலர். இதில் எத்தனை உங்க கேம்பஸில் இருக்கு என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். விண்ணப்பத்தில் கட்டம் வந்துவிட்டது, ஏனென்றால் அதற்குச் செலவில்லை.

போலீசே ஒத்துழைக்கவில்லை என்றால்? 2025 மே மாதம் வந்த தீர்ப்பு அதைப் பற்றியது. 25 வயதுப் பெண்ணை வீட்டில் அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று அவருடைய துணை ஆட்கொணர்வு மனு போட்டார். அதற்கு முன் போலீசுக்குப் போயும் பலன் இல்லை. நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதன், வி. லட்சுமிநாராயணன் அமர்வு அந்தப் பெண்ணிடமே கேட்டது, அவர் துணையோடு போகவே விரும்புவதாகச் சொன்னார். அவர் போகலாம், குடும்பம் தடுக்கக் கூடாது, போலீஸ் பாதுகாப்பு தர வேண்டும் என்று உத்தரவானது. அதோடு, குடும்பம் அமைக்கக் கல்யாணம் மட்டுமே வழி இல்லை, தேர்ந்தெடுத்துக்கொண்ட குடும்பம் என்பதும் ஏற்கப்பட்ட ஒன்றுதான் என்றும் நீதிமன்றம் சொன்னது. இதற்கு முந்தைய வருஷம் உச்ச நீதிமன்றமும், இப்படிப்பட்ட மனுக்களில் ஆளை "மனம் மாற்ற" கவுன்சிலிங்குக்கு அனுப்பும் பழக்கத்தை நிறுத்தச் சொல்லியிருந்தது.

அப்போ கல்யாணம்? இங்கேதான் சட்டம் கையை விரிக்கிறது. 2023 அக்டோபர் 17-ல் சுப்ரியோ வழக்கில் ஐந்து நீதிபதிகளும், திருமணம் அடிப்படை உரிமை இல்லை, அதைப் பாராளுமன்றம்தான் பார்க்க வேண்டும் என்றார்கள். தன்பாலின இணைகளின் உறவுக்கு ஒரு சட்ட அங்கீகாரமாவது தரலாம் என்பதிலும், தத்தெடுப்பிலும் 3-2 என்று தோற்றது. 2025 ஜனவரியில் மறுஆய்வு மனுக்களும் தள்ளுபடி. அதனால் கோயிலில் மாலை மாத்திக்கலாம், ரிஜிஸ்டர் ஆபீஸில் பதிய முடியாது. துணை ஐசியூவில் இருந்தால் கையெழுத்துப் போட, சொத்தில் வாரிசாக என்று எதுவும் தானாக வராது. உயில், நாமினி என்று ஒவ்வொன்றாக எழுதி வைத்துக்கொள்ள வேண்டியதுதான். கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கவும் துணையை நாமினி ஆக்கவும் தடையில்லை என்று மத்திய அரசு 2024-ல் தெளிவுபடுத்தியது. ரேஷன் கார்டிலும் ஒரே குடும்பமாகக் கருதலாம் என்றது. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2023-ல், இருவர் செய்துகொள்ளும் "குடும்ப உறவு ஒப்பந்தம்" ஒன்றை அரசு பதிவு செய்யலாமே என்று யோசனை சொன்னார். நல்ல யோசனை. ஆனால் யோசனையை வைத்து வீடு வாடகைக்குக் கிடைக்காதே.

கல்யாணத்தில் ஒரு கதவு மட்டும் திறந்திருக்கிறது, அதைத் திறந்தது மதுரை. தூத்துக்குடியில் ஒரு ஆணும் திருநங்கையும் கோயிலில் திருமணம் செய்துகொண்டார்கள், பதிவாளர் மறுத்துவிட்டார். 2019 ஏப்ரல் 22-ல் மதுரைக் கிளை, இந்து திருமணச் சட்டத்தில் "மணமகள்" என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும், பதிவு செய் என்றது. அதே தீர்ப்பில், இடைபாலினக் குழந்தைகளுக்கு, அவர்கள் பேசக்கூடத் தெரியாத வயதில், "சரியான" பாலினத்துக்கு மாற்றும் அறுவை சிகிச்சை செய்யக் கூடாது என்றும் இருந்தது. சில மாதத்தில் உயிருக்கு ஆபத்தான நிலை தவிர மற்றவற்றுக்கு அரசு தடை போட்டது. இந்தியாவில் அப்படிச் செய்த முதல் மாநிலம் நம்முடையது. கல்யாணச் செய்தி பேப்பரில் வந்த அளவுக்கு இது பேசப்படவே இல்லை.

திருநர் விஷயத்தில் தமிழ்நாட்டுக்குப் பழைய பெயரே உண்டு. நாட்டின் முதல் திருநங்கையர் நல வாரியம் இங்கேதான், 2008-ல். உச்ச நீதிமன்றத்தின் நால்சா தீர்ப்பு 2014-ல்தான் வந்தது. தன் பாலினத்தைத் தானே முடிவு செய்யும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்றது அது. 2015-ல் பிரித்திகா யாஷினி எஸ்.ஐ. வேலைக்கு வழக்குப் போட்டு ஜெயித்தார். 2019-ன் மத்திய சட்டப்படி, மாவட்ட ஆட்சியரிடம் "திருநர்" என்ற சான்றிதழ் வாங்க மருத்துவப் பரிசோதனை தேவையில்லை, ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். ஆண் அல்லது பெண் என்று மாற்ற வேண்டும் என்றால் மட்டும் அறுவை சிகிச்சை சான்று கேட்கிறார்கள். நால்சா தீர்ப்பு இப்படி ஒரு நிபந்தனை வைக்கவில்லை. உயர்கல்வி படிக்கும் திருநர் மாணவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று 2024 மாநில பட்ஜெட்டில் அறிவித்தார்கள். உங்க கிளாஸில் யாருக்காவது தேவைப்படலாம்.

இட ஒதுக்கீட்டில்தான் சிக்கல். 2015 அரசாணை திருநரை எம்பிசி பட்டியலில் சேர்த்தது. கேட்க நல்லா இருக்கு. ஆனால் ஒரு பட்டியலினத் திருநங்கை என்ன செய்வார்? சாதிக்கான இடத்தைக் கேட்டால் பாலினத்துக்கு ஒன்றுமில்லை, பாலினத்துக்குக் கேட்டால் சாதி போய்விடும். பெண்களுக்கு எஸ்.சி., பி.சி., எம்பிசி எல்லாவற்றுக்குள்ளும் தனி இடம் இருக்கிறதல்லவா, அதுபோல ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் வேண்டும் என்பதுதான் கிரேஸ் பானு போன்றவர்கள் பல வருஷமாகக் கேட்கும் கிடைமட்ட இட ஒதுக்கீடு. அவரும் ஒரு இன்ஜினியரிங் பட்டதாரிதான். 2024 ஜூனில் உயர் நீதிமன்றம் அந்த அரசாணையை ரத்து செய்து, 1 சதவீதம் கிடைமட்டமாகக் கொடு என்றது. போராட்டம் இன்னும் ஓயவில்லை.

கடைசியாக, பலருக்குத் தெரியாத ஒரு ஓட்டை. 2024 ஜூலை 1-ல் ஐபிசி போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. அதில் 377 மொத்தமாகவே இல்லை. 2018 தீர்ப்பு 377-ல் சம்மதத்தோடு நடப்பதை மட்டும்தான் எடுத்தது, சம்மதமில்லாத பலாத்காரத்துக்குப் பிரிவு அப்படியே இருந்தது. இப்போது ஒரு ஆணைப் பாலியல் வன்கொடுமை செய்தால் அதற்கென்று தனிப் பிரிவு இல்லை, காயம், அடைத்து வைத்தல் என்று வேறு பிரிவுகளில்தான் போட வேண்டும். திருநருக்கு 2019 சட்டம் இருக்கிறது, ஆனால் அதில் தண்டனை 6 மாதத்திலிருந்து 2 வருஷம்தான். ஒரு பெண்ணுக்கு நடந்தால் குறைந்தபட்சமே 10 வருஷம்.

ஆனால் காலேஜுக்குள் நடந்தால் இன்னொரு வழி உண்டு. 2015 யுஜிசி விதிகள், மாணவர்களும் மூன்றாம் பாலின மாணவர்களும்கூடப் பாலியல் தொந்தரவுக்கு ஆளாகக்கூடும் என்று ஒப்புக்கொள்கின்றன. அதனால் உள் புகார் குழு "இது பொண்ணுங்களுக்கு மட்டும்" என்று திருப்பி அனுப்பினால் அந்த விதிகளைக் காட்டி மறுபடி கொடுங்கள், எழுத்தில் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். வெளியே வக்கீல் வேண்டுமென்றால் இலவச சட்ட உதவி எண் 15100. பெண்கள், எஸ்.சி., எஸ்.டி. மாணவர்கள் வருமானம் எவ்வளவு என்று காட்டாமலே அதைக் கேட்கலாம், மற்றவர்களில் பலருக்கு வருமான வரம்பு உண்டு.