வாலில் முளைத்த கால்

திருவந்திபுரத்தில் கீழே தேவநாத சுவாமி கோயில், எதிரே ஔஷதகிரிக் குன்று. படியேறினால் ஹயக்ரீவர். குதிரை முகம், மனித உடல். படிப்புக்கான சாமி என்பதால் பரீட்சை நெருங்கினால் கடலூர்ப் பிள்ளைகளின் கூட்டம் மலைமேல்தான். மனித உடலில் குதிரைத் தலை இருப்பது புராணத்தில். ஆனால் தலையில் கால் முளைத்த ஈயும், வாலில் கால் முளைத்த தலைப்பிரட்டையும் நிஜமாகவே இருந்திருக்கின்றன. இரண்டாவது நடந்தது நம் நாட்டில், ஒடிசாவில்.

அதைச் செய்து பார்த்தவர் பிரியம்பதா மொகந்தி ஹெஜ்மாடி. புவனேசுவரத்தின் உத்கல் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பேராசிரியராக இருந்தவர். ஒடிசி நடனத்திலும் பெயர் பெற்றவர். (ஆட்டமும் ஆராய்ச்சியும் ஒத்துவராது என்று யாராவது சொன்னால் இவர் பெயரைச் சொல்லுங்கள்.) அவர் எடுத்துக்கொண்டது பலூன் தவளை. உருண்டையான உடம்பு, சின்ன வாய். வெயில் காலம் முழுக்க மண்ணுக்குள் புதைந்து கிடந்து, நல்ல மழை பெய்தால் மேலே வரும். தமிழ்நாட்டிலும் உண்டு.

பல்லி வாலை விட்டுவிட்டு ஓடினால் புது வால் வளர்கிறதல்லவா? தவளையின் குஞ்சான தலைப்பிரட்டைக்கும் அப்படித்தான். வைட்டமின் ஏ கொடுத்தால் இந்த வளர்ச்சி என்ன ஆகும் என்று அவருடைய குழு பார்த்தது. வாலை வெட்டி, வைட்டமின் ஏ கலந்த நீரில் குஞ்சுகளை விட்டார்கள். வெட்டிய இடத்தில் வால் வரவில்லை. பின்னங்கால்கள் வந்தன! சிலவற்றுக்கு இரண்டுக்கு மேலும். 1992இல் ‘நேச்சர்’ ஆய்விதழில் இந்தச் செய்தி வெளியானபோது உலகம் முழுக்க உயிரியலாளர்கள் மூக்கில் விரல் வைத்தார்கள். வெட்டுப்பட்ட வாலுக்கு ‘நான் இடுப்புப் பக்கம்’ என்ற எண்ணம் எப்படி வந்தது?

இதற்குப் பதில் சொல்ல, வீடு கட்டும் இடத்துக்கு ஒரு நடை போகலாம். செங்கல், மணல், சிமெண்ட் எல்லா அறைக்கும் ஒன்றுதான். ‘இங்கே அடுக்களை, அங்கே மாடிப்படி’ என்று சொல்கிறவர் மேஸ்திரி. அவர் ஒரு கல்லைக்கூடத் தொடமாட்டார். ஆனால் அவர் இடத்தை மாற்றிச் சொன்னால் அடுக்களையில் மாடிப்படி வந்துவிடும். நம் உடலில் ஏறத்தாழ எல்லாச் செல்களிலும் இருப்பது ஒரே மரபணுத் தொகுப்பு. கண்ணாகும் செல்லும் கணுக்காலாகும் செல்லும் வேறுபடுவது எந்த மரபணு வேலை செய்கிறது, எது சும்மா இருக்கிறது என்பதில்தான். அதைத் தீர்மானிக்கும் மேஸ்திரிகளில் முக்கியமானவை ஹோமியோபாக்ஸ் மரபணுக்கள்.

இவற்றை முதலில் காட்டிக்கொடுத்தது, பண்ருட்டிப் பலாச்சுளையை மொய்க்கிறதே, அந்த மாதிரிப் பொடி ஈ. ஒரு மரபணு கெட்டால் அதன் தலையில் உணர்கொம்பு இருக்க வேண்டிய இடத்தில் முழுசாக ஒரு கால் நிற்கும். இன்னொன்று கெட்டால் இரண்டு இறக்கைக்குப் பதில் நான்கு. அமெரிக்காவின் எட் லூயிஸ் இந்த ஈக்களை வளர்த்தே பல பத்தாண்டுகளைக் கழித்தார். 1995இல் நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது. அதற்கு முன்பே, 1983–84இல், ஸ்விட்சர்லாந்தில் வால்டர் கேரிங்கின் ஆய்வகமும் அமெரிக்காவில் மேத்யூ ஸ்காட்டின் குழுவும் தனித்தனியே ஒன்றைக் கவனித்தன: இந்த மரபணுக்கள் எல்லாவற்றிலும் 180 டி.என்.ஏ. எழுத்து நீளமுள்ள ஒரு பகுதி கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கிறது. அதுதான் ஹோமியோபாக்ஸ். அதிலிருந்து உருவாகும் 60 அமினோ அமிலத் துண்டு டி.என்.ஏ.வைப் பற்றிக்கொள்ளும், மற்ற மரபணுக்களை இயக்கும் அல்லது அடக்கும். தேடிப் பார்த்தால் தவளை, எலி, மனிதர் என்று எல்லாரிடமும் அதே பகுதி!

இவற்றில் ஹாக்ஸ் என்ற குடும்பம் நமக்கு 39. குரோமோசோமில் அவை அடுத்தடுத்து நிற்கும் வரிசையும், தலையிலிருந்து கீழ்நோக்கி உடலில் அவை வேலை செய்யும் வரிசையும் ஒன்றே. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்புத்தான். உங்கள் பக்கவாட்டில் கை வைத்துப் பாருங்கள். விலா எலும்பு ஒரு இடத்தில் முடிந்து, இடுப்புக்கு மேலே மெத்தென்று ஆகிறதா? அந்த இடத்தில் ‘விலா போதும்’ என்று சொல்வது ஹாக்ஸ்-10 என்ற கூட்டம். எலிகளில் அந்தக் கூட்டம் முழுவதையும் நீக்கியபோது இடுப்பு முள்ளெலும்புகளிலும் விலா முளைத்தது.

உறுப்புகளுக்கும் தனித்தனி மேஸ்திரிகள் உண்டு. ஈயின் இதயத்துக்கு ஒன்று இருக்கிறது. அது இல்லாவிட்டால் இதயமே உருவாகாது. மனிதரில் அதன் உறவான மரபணு பழுதானால் குழந்தை இதயத்தில் ஓட்டையோடு பிறக்கலாம். கண்ணுக்கான மரபணுவை வைத்து கேரிங்கின் குழு 1995இல் ஒரு குறும்பு செய்தது. எலியின் மரபணுவை எடுத்து ஈயின் காலில் வேலை செய்ய வைத்தார்கள். காலில் கண் வந்தது. எலிக்கண் இல்லை, ஈக்கண்! எலி மேஸ்திரி ‘இங்கே கண்’ என்று மட்டும் சொன்னார். ஈயின் செல்கள் தமக்குத் தெரிந்த கண்ணைக் கட்டிக் கொடுத்தன.

மேஸ்திரி மரபணுவின் வேலையை நம் ஊர் ஈயிலும் பார்க்கலாம். செத்த ஈ ஒன்றை லென்ஸ் வைத்துப் பாருங்கள். இறக்கைகளுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒரு குட்டிக் குமிழ் தெரியும். பறக்கும்போது நிலை தடுமாறாமல் காப்பது அது. பின்னிறக்கை வரவேண்டிய இடத்தில் அதைக் குமிழாக்குவது ஒரு ஹாக்ஸ் மரபணு. வேடிக்கை என்னவென்றால், வண்ணத்துப்பூச்சியின் பின்னிறக்கையிலும் அதே மரபணு வேலை செய்கிறது, ஆனால் அங்கே குமிழ் வருவதில்லை. ஆணை ஒன்று, கேட்டு நடக்கும் மரபணுக்கள் வேறு. ஹைதராபாத்தின் சி.சி.எம்.பி. ஆய்வு நிலையத்தில் இருந்தபோது எல்.எஸ். சசிதரா இந்தக் குமிழ் எப்படி உருவாகிறது என்பதைத்தான் துருவித் துருவி ஆராய்ந்தார்.

இப்போது தலைப்பிரட்டைக்கு வருவோம். வைட்டமின் ஏ உடலில் ரெட்டினாயிக் அமிலமாக மாறும். ஹாக்ஸ் மரபணுக்கள் எங்கே வேலை தொடங்க வேண்டும் என்று சொல்லும் பொருள்களில் அதுவும் ஒன்று. அளவு எகிறியதும் வால் செல்களுக்குத் தங்கள் முகவரியே மாறிப்போனது.

‘அப்படியானால் முருங்கைக்கீரை சாப்பிட்டால்?’ என்று ஒருவராவது கேட்பீர்கள். தாராளமாகச் சாப்பிடுங்கள். கீரையிலும் கேரட்டிலும் இருப்பது கரோட்டின்; உடல் தனக்கு வேண்டிய அளவே அதை வைட்டமின் ஏ ஆக்கிக்கொள்ளும். கவனம் வேண்டியது அளவுக்கு மிஞ்சிய வைட்டமின் ஏ மாத்திரைகளிலும், அதே குடும்பத்தைச் சேர்ந்த சில முகப்பரு மருந்துகளிலும். வயிற்றில் இருக்கும் குழந்தையின் உறுப்புகள் உருவாகும் மாதங்களில் இவை கோளாறு செய்யும் என்பதால்தான், கர்ப்பிணிகளுக்கு அந்த முகப்பரு மருந்துகளை டாக்டர்கள் எழுதித் தருவதில்லை.