வயிற்றில் பிள்ளையோடு கட்டியும் இருந்தால்

தாய்மார்களே,

"டிரசர் ஐயா, ஸ்கேன்ல பிள்ளையோட ஒரு கட்டியும் தெரியுதாம். புற்றுநோயாங்களா?" என்று மூன்று மாதக் கர்ப்பிணியான ஒரு சகோதரி அழுதபடி கேட்டார். கூட வந்த மாமியார், "இதை வெளியில சொல்லாதேன்னு சொல்லியிருக்கேன்" என்றார். இருவரையும் உட்கார வைத்துப் பேசினேன். அதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

இது ஃபைப்ராய்ட் எனும் நார்க்கட்டி. கருப்பையின் தசையில் வளர்வது. புற்றுநோய் அல்ல. பல பெண்களுக்கு உண்டு. பெரும்பாலோர் சுகமாகவே பிள்ளை பெறுகிறார்கள்.

சிலருக்கு நடு மாதங்களில் கட்டி உள்ள இடத்தில் கடும் வலி வரும். வளரும் கட்டிக்கு ரத்தம் போதாததே காரணம். சூட்டு வலி என்று வயிற்றை உருவி விடாதீர்கள். கடையில் கண்ட மாத்திரையை வாங்கி விழுங்காதீர்கள். கிளினிக்குக்குப் போங்கள். பெரும்பாலும் ஓய்விலும் பெனடோலிலும் அடங்கிவிடும்.

கட்டி கீழே இருந்தால் பிள்ளை வரும் வழியை அடைக்கலாம். பிள்ளை குறுக்கே கிடக்கலாம். அப்போது ஆப்பரேஷன்தான். "அப்படியே கட்டியையும் எடுத்திடுங்க" என்று வீட்டார் கேட்பதுண்டு. ரத்தம் அதிகம் போகும் என்பதால் டாக்டர்கள் பொதுவாக அப்போது அதைத் தொடுவதில்லை.

நான் பயப்படுவது பிள்ளை பிறந்த பிறகு போகும் ரத்தத்துக்குத்தான். நஞ்சு விழுந்ததும் கருப்பை இறுக வேண்டும். அந்த இறுக்கமே ரத்தக் குழாய்களை மூடும். பெரிய கட்டி இருந்தால் சரியாக இறுகாமல் போகலாம். ஆகவே வீட்டுப் பிரசவம் வேண்டவே வேண்டாம். ரத்தம் ஏற்ற வசதியுள்ள ஆஸ்பத்திரியே சரி. கர்ப்பத்திலேயே இரும்புச்சத்து மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுங்கள், தேத்தண்ணியோடு அல்ல.

வீடு திரும்பிய பிறகு, ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் முழுதும் நனைந்தாலோ, உறைந்த ரத்தம் பெரிது பெரிதாக விழுந்தாலோ, மயக்கம், காய்ச்சல், துர்நாற்றம் இருந்தாலோ, "பிள்ளை பெத்த உடம்பு அப்படித்தான்" என்று இருந்துவிடாதீர்கள். நடுராத்திரியானாலும் 999-ஐக் கூப்பிடுங்கள்.

பிரசவத்துக்குப் பின் பல கட்டிகள் தாமே சுருங்கும். சில மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் செய்துகொள்ளுங்கள். 2023 ஜனவரி 1 முதல் வேலைச் சட்டப்படி பிரசவ விடுமுறை 98 நாள். அதை முழுதாக எடுத்து உடம்பைத் தேற்றுங்கள்.

அந்த மாமியார் போகும்போது கிளினிக் புத்தகத்தைத் தாமே வாங்கிப் பத்திரப்படுத்தினார். பிரசவத்துக்குப் போனால் முதலில் மிஸியிடம் அதைக் காட்டிக் கட்டியைப் பற்றிச் சொல்லச் சொன்னேன். நீங்களும் சொல்லுங்கள். மறைக்க இதில் ஒன்றுமில்லை.