கூடாரம் இல்லாத முகாம்

மைனஸ் 30 டிகிரிக் குளிர். சுற்றிலும் பனி. பதினான்கு நாய்கள் வெட்டவெளியில் படுத்துத் தூங்குகின்றன. கூடாரமும் கிடையாது, கணப்பும் கிடையாது. சில மணி நேரம் கழித்து எழுந்து, உடம்பை ஒரு உதறு உதறிவிட்டு, 'கிளம்பலாமே' என்று குரைக்க ஆரம்பிக்கின்றன. அலாஸ்காவில் பனிச்சறுக்கு வண்டி இழுக்கும் நாய்களுக்கு இது அன்றாட வாழ்க்கை.

அங்கே 1973 முதல் ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் 'இடிடராட்' என்ற ஓட்டப் போட்டி நடக்கிறது. ஆங்கரேஜிலிருந்து நோம் என்ற கடலோர ஊர் வரை சுமார் 1,600 கிலோமீட்டர். கன்னியாகுமரியிலிருந்து சென்னைக்குப் போய், திரும்பி வந்து, மறுபடியும் கால் வழிக்கு மேல் போனால் ஏறக்குறைய அந்தத் தூரம் வரும். வேகமான அணிகள் இதை ஒன்பது, பத்து நாளில் முடித்துவிடுகின்றன. சில மணி நேரம் ஓட்டம், சில மணி நேரம் ஓய்வு என்று இரவும் பகலும் போகும் பயணம் அது. மருத்துவக் காரணம் இல்லாமல் நாய்களைக் கூரைக்கு அடியில் கொண்டுபோகக் கூடாது என்பது போட்டி விதி. அதனால் முகாம் போடத் தெரியாதவருக்குப் போட்டியில் இடமே இல்லை.

வண்டி நின்றதும் அதை ஓட்டிவந்த 'மஷர்' முதலில் ஒரு கனத்த இரும்புக் கொக்கியைப் பனியில் அழுத்தி மிதிக்கிறார். வண்டிக்கு அதுதான் நங்கூரம். பிறகு ஒவ்வொரு நாயின் இழுகயிற்றையும் அவிழ்க்கிறார். கயிறு தளர்ந்தால் வேலை முடிந்தது என்று நாய்க்குத் தெரியும். நடுக்கயிற்றில் ஜோடி ஜோடியாகப் பூட்டிய வரிசை மட்டும் கலைவதில்லை. ஓடிய இடத்திலேயே ஒவ்வொன்றுக்கும் படுக்கை, அந்த இடத்திலேயே சாப்பாடு. தனக்கென்று இடமும் தனக்கென்று கிண்ணமும் இருப்பதால் இத்தனை நாய்கள் இருந்தும் சண்டை எழுவது அபூர்வம்.

அடுத்து வைக்கோல். பனித்தரைக்கும் வயிற்றுக்கும் நடுவே ஒரு கை அளவு பரப்பினால் போதும். வைக்கோல் தாள்களின் உள்ளேயும் இடையேயும் சிக்கியிருக்கும் காற்று, உடம்புச் சூட்டைத் தரைக்கு விடாமல் தடுக்கிறது. நாய் அதன்மேல் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிப் பள்ளமாக்கி, உடம்பைச் சுருட்டிக்கொண்டு படுக்கிறது. சுருண்ட உடம்பில் குளிர்காற்றுக்குத் தெரியும் பரப்பு குறைவு. ரோமம் குறைந்த வயிறும் தொடையிடுக்கும் உள்ளே மறைந்துவிடுகின்றன.

அந்த ரோமத்துக்கு இரண்டு அடுக்கு உண்டு. வெளியே முரட்டு முடி, ஈரத்தைத் தடுக்க. உள்ளே பஞ்சு போன்ற அடர்த்தியான முடி, காற்றைப் பிடித்துவைக்க. இந்த வெப்பக்காப்பு எவ்வளவு கச்சிதம் என்று பார்க்க வேண்டுமா? தூங்கும் நாயின் முதுகில் விழும் பனி உருகுவதே இல்லை. கிட்டத்தட்ட 38 டிகிரிச் சூடு, அதற்கு மேலே சில சென்டிமீட்டர் ரோமம், அதன்மேல் உருகாத பனி! உருகாத அந்தப் பனியும் காற்று நிறைந்த ஒரு போர்வையாகிவிடுகிறது.

வால் எதற்கு? மூக்கை மூட. வாலின் முடிக்கற்றைக்குள் மூச்சு விடும்போது, வெளியேறும் சூட்டில் கொஞ்சம் அங்கேயே தங்கி, அடுத்து உள்ளே வரும் காற்றின் குளிரைத் தணிக்கிறது. மூக்குக்குள்ளும் சுருள் சுருளான மெல்லிய எலும்புத் தகடுகள் இருக்கின்றன. அவற்றின் ஈரத்தோல் காற்றைச் சூடாக்கித்தான் நுரையீரலுக்கு அனுப்புகிறது.

பாதம்தான் பெரிய புதிர். அதன் அடியில் ரோமம் இல்லை, பனியை நேராகத் தொடுகிறது. ஏன் உறைந்துபோவதில்லை? 2011-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பாதத்தின் ரத்தக்குழாய்களை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது விடை தெரிந்தது. பாதத்துக்குச் சூடான ரத்தம் கொண்டுவரும் தமனியைச் சுற்றி, குளிர்ந்த ரத்தத்தைத் திருப்பி எடுத்துப்போகும் நுண்சிரைகள் வலையாகப் பின்னியிருக்கின்றன. இறங்கும் ரத்தம் தன் சூட்டை ஏறும் ரத்தத்துக்குக் கொடுத்துவிடுகிறது. இதற்கு எதிரோட்ட வெப்பப் பரிமாற்றம் என்று பெயர். பாதம் உறையாத அளவுக்கு மட்டும் சூடு, குளிர்ந்த ரத்தம் இதயத்துக்குப் போவதும் இல்லை.

ஆனால் நாயின் உடம்பால் செய்ய முடியாத ஒன்று உண்டு: தண்ணீர் தேடுவது. சுற்றிலும் இருப்பதெல்லாம் தண்ணீர்தான், பனி உருவத்தில். அதையே தின்றால் என்ன? பூஜ்ய டிகிரிப் பனியைப் பூஜ்ய டிகிரித் தண்ணீராக்கச் செலவாகும் வெப்பத்தைக் கொண்டு, அதே தண்ணீரை 80 டிகிரி வரை சுடவைத்துவிடலாம். இந்தச் செலவை நாயின் உடம்புமேல் சுமத்துவது நியாயமில்லை. அதனால் மஷர் அடுப்பை மூட்டுகிறார். சுமார் 11 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் பாத்திரமும் அடுப்பும் ஒவ்வொரு வண்டியிலும் இருக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. பொலபொலவென்ற புதுப்பனி பத்துக் குடம் அள்ளிப் போட்டால் ஒரு குடம் தண்ணீர்தான் தேறும். வெறும் தண்ணீரைக் குளிரில் நாய்கள் சரியாகக் குடிக்காது. இறைச்சித் துண்டுகளைப் போட்டுச் சூப்பாக்கிக் கொடுத்தால் கிண்ணத்தை நக்கித் துடைத்துவிடும்.

அந்தக் கிண்ணத்தின் கணக்கும் வியப்புதான். கடுங்குளிரில் ஓடும் சுமார் 25 கிலோ எடையுள்ள நாய் ஒரு நாளில் ஏறக்குறைய 11,000 கிலோகலோரி செலவழிக்கிறது. வளர்ந்த மனிதர் ஒருவருக்கு ஐந்து நாளைக்குப் போதுமான ஆற்றல் அது. இதில் பெரும்பகுதி கொழுப்பிலிருந்து வருகிறது. கொழுப்பு ஒரு கிராமுக்கு 9 கிலோகலோரி தரும், மாவுச்சத்து 4 மட்டுமே.

இதைவிடப் பெரிய அதிசயம் தசைக்குள் நடக்கிறது. நீண்ட ஓட்டத்தில் மனிதத் தசை, தான் சேமித்த சர்க்கரையான கிளைக்கோஜனைத் தீர்த்துவிட்டுத் தள்ளாடும். இந்த நாய்களுக்கும் முதல் நாளில் அது குறைகிறது. ஆனால் தொடர்ந்து சில நாள் ஓடவைத்துச் சோதித்தபோது, அது மேலும் மேலும் காலியாகவில்லை. ஓட்டம் நிற்காமலேயே சேமிப்பு மீண்டது. உடம்பு ஓடிக்கொண்டே தன் எரிபொருள் முறையை மாற்றிக்கொள்கிறது.

நாய்கள் தூங்கிய பிறகும் மனிதருக்கு வேலை தீர்வதில்லை. ஓடும்போது நாய்களுக்கு மாட்டியிருந்த காலுறைகளைக் கழற்றி, ஒவ்வொரு பாதத்தையும் விரல்விரலாக விரித்துப் பார்த்து, வெடிப்பிருந்தால் களிம்பு தடவ வேண்டும். நாய்க்கு நான்கு, பதினான்கு நாய்களுக்கு 56 பாதங்கள். எல்லாம் முடிந்து அவர் படுக்க ஒரு மணி நேரம் கிடைத்தால் பெரிது. நாய்களுக்குப் பிறகுதான் தனக்கு என்பது அந்தத் தொழிலின் முதல் பாடம்.

இந்தக் கூட்டு நேற்று தொடங்கியதல்ல. சைபீரியாவின் வடக்கே ஜோகோவ் தீவில் சுமார் 9,500 ஆண்டுப் பழைமையான நாய் எலும்புகளும் சறுக்குவண்டிப் பாகங்களும் கிடைத்திருக்கின்றன. 2020-இல் வெளியான மரபணு ஆய்வு, இன்றைய கிரீன்லாந்து வண்டி நாய்கள் அந்த வம்சத்துக்கு நெருக்கமானவை என்று காட்டியது.

ஆனால் சூட்டைக் காப்பதில் வல்ல இந்த உடம்பு, அதை வெளியே விடுவதில் அவ்வளவு வல்லதல்ல. நாய்க்கு வியர்ப்பது பாதத்தில் மட்டும், அதுவும் சொற்பம். மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூடு தணிய வேண்டும். வெயில் ஏறும் நாட்களில், பனி கிடக்கும் அலாஸ்காவிலேயே, மஷர்கள் பகலில் ஓய்வெடுத்து இரவில் ஓட்டுகிறார்கள். அப்படியிருக்க, சைபீரியன் ஹஸ்கியைச் சென்னையின் மே மாதத்துக்குக் கொண்டுவந்தால் என்னாகும் என்று யோசியுங்கள். மழித்துவிட்டாலும் தீராது, வெயிலைத் தடுப்பதும் அதே ரோமம்தான். அழகுக்காக அதை வாங்க நினைப்பவர்கள் தயவுசெய்து அந்த எண்ணத்தை விடுங்கள். நம் வெயிலைத் தாங்கும் நம் ஊர் நாய்கள் ஏராளமாக இருக்கின்றன. அவற்றில் ஒன்றை வீட்டுக்கு அழைத்துவாருங்கள்.