ஸ்னோபோர்டு கிராஸ்

ஸ்னோபோர்டு கிராஸ் என்பது குளிர்கால ஒலிம்பிக்கில் 2006ஆம் ஆண்டு முதல் இடம்பெற்றுவரும் ஒரு பனிச்சறுக்குப் பந்தயம் ஆகும். ஸ்னோபோர்டு எனப்படும் ஒற்றைப் பலகையில் இரு கால்களையும் பிணைத்துக்கொண்டு, பக்கவாட்டாக நின்றபடி வீரர்கள் மலைச்சரிவில் இறங்குவர். தடத்தில் மேடுகளும், சாய்ந்த வளைவுகளும், உடலை வானில் தூக்கி எறியும் தாவுமேடுகளும் அமைக்கப்பட்டிருக்கும். பலர் ஒரே நேரத்தில் புறப்படுவதால் இடித்துக்கொள்வதும் விழுவதும் இயல்பு. வேண்டுமென்றே இடிப்பவர் தண்டிக்கப்படுவார். எல்லைக்கோட்டை முதலில் கடப்பவருக்கே வெற்றி.

பலகை வந்த கதை

1965இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஷெர்மன் பாப்பன் என்பவர், தம் மகள்கள் விளையாடுவதற்காக இரண்டு பனிச்சறுக்குக் கட்டைகளைச் சேர்த்துப் பிணைத்தார். ஸ்னர்ஃபர் என்று பெயர் பெற்ற அந்த விளையாட்டுப் பொருளே இன்றைய பலகையின் முன்னோடி. நெடுங்காலம் பல பனிச்சறுக்கு மையங்கள் இதனை அனுமதிக்கவே இல்லை. விரட்டப்பட்ட இளைஞர்கள் தங்களுக்கென ஒரு வழக்கத்தை உருவாக்கிக்கொண்டனர். யார் முந்தினார் என்பதைவிட, எப்படிச் சறுக்கினார் என்பதே அவர்களுக்குப் பெரிது. 1998இல் ஜப்பானின் நகானோவில் இவ்விளையாட்டு ஒலிம்பிக்கில் நுழைந்தபோது, அக்காலத்தின் தலைசிறந்த வீரராக மதிக்கப்பட்ட நார்வேயின் டெர்யே ஹாகன்சென் போட்டியைப் புறக்கணித்தார்.

நடுவரா, கடிகாரமா?

ஒலிம்பிக் ஸ்னோபோர்டு போட்டிகள் இரு வகைப்படும். ஹாஃப்பைப் போன்றவற்றில் நடுவர்கள் 100க்கு மதிப்பெண் இடுவர். எனவே சர்ச்சைக்கும் குறைவில்லை. 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஜப்பானின் அயுமு ஹிரானோ தம் இரண்டாம் சுற்றில் மிகக் கடினமான தாவலைச் செய்து முடித்தும் 91.75 மட்டுமே பெற்றார். ரசிகர்கள் கொதித்தனர். மூன்றாம் சுற்றில் அவர் அதே வித்தைகளை மீண்டும் செய்து 96.00 பெற்றுத் தங்கம் வென்றார்.

கிராஸ் பந்தயத்தில் அழகுக்கு மதிப்பெண் கிடையாது. இங்கே இயற்பியல்தான் நடுவர் எனலாம். முன்னால் செல்பவர் காற்றைக் கிழித்துச் செல்வதால் பின்தொடர்பவருக்குக் காற்றுத்தடை குறைகிறது. ஆகவே முன்னிலை என்பது எப்போதும் பாதுகாப்பானதன்று. தாவுமேட்டில் தேவைக்கு மேல் உயர்ந்தாலும் நேரம் வீணாகும். எவ்வளவு தாழ்வாகப் பறந்து விரைவில் தரையைத் தொடுகிறாரோ, அவ்வளவுக்கு நல்லது.

ஜாகோபெல்லிஸின் தாவல்

2006 பிப்ரவரி 17 அன்று இத்தாலியின் பார்டோனேக்கியாவில் பெண்கள் இறுதிப் பந்தயம் நடந்தது. அமெரிக்காவின் லிண்ட்சி ஜாகோபெல்லிஸுக்கு அப்போது வயது 20. கனடா வீராங்கனைகள் இருவரும் முன்பே விழுந்துவிட, சுவிட்சர்லாந்தின் தான்யா ஃப்ரீடன் மட்டும் வெகுதூரம் பின்னால் வந்துகொண்டிருந்தார். இறுதிக்கு முந்தைய தாவுமேட்டில் ஜாகோபெல்லிஸ் வானில் இருந்தபடியே பலகையின் விளிம்பைக் கையால் பற்றினார். பந்தயத்துக்குத் தேவையே இல்லாத ஒரு அலங்காரம் அது. தரையிறங்கும்போது நிலைகுலைந்து விழுந்தார். எழுவதற்குள் ஃப்ரீடன் கடந்து சென்று தங்கத்தைப் பெற்றார். ஜாகோபெல்லிஸுக்கு வெள்ளி கிடைத்தது.

சமநிலைக்காகப் பற்றியதாக முதலில் கூறியவர், பின்னர் தம் மகிழ்ச்சியைப் பார்வையாளர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்பியதாக ஒப்புக்கொண்டார். தலைக்கனம் என்று பலர் தூற்றினர். அக்கண்டனம் ஓரளவே நியாயமானது. எப்படிச் சறுக்குகிறோம் என்பதையே பெருமையாகக் கொண்ட ஒரு விளையாட்டில் வளர்ந்தவர் அவர். அந்தக் கை நீண்டது பழக்கத்தால்தான். ஆனால் கிராஸ் பந்தயம் அந்தப் பழக்கத்தை மன்னிப்பதில்லை.

அதன்பின் அவர் உலகப் பட்டங்களை வென்றுகொண்டே இருந்தார். 2005 முதல் 2017 வரை தனிநபர் பிரிவில் ஐந்து முறை உலகச் சாம்பியன். ஒலிம்பிக் மட்டும் கைகொடுக்கவில்லை. 2010இல் அரையிறுதியில் தடத்தைவிட்டு விலகினார். 2014இல் மீண்டும் அரையிறுதியில் விழுந்தார். 2018இல் நான்காம் இடம். ஒவ்வொரு முறையும் செய்தியாளர்கள் பழைய தாவலைப் பற்றியே கேட்டனர்.

2022 பிப்ரவரி 9 அன்று, சீனாவின் ஜாங்ஜியாகோவில், 36ஆம் வயதில் அவர் தங்கம் வென்றார். அந்த ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்குக் கிடைத்த முதல் தங்கம் அதுவே. மூன்று நாள் கழித்துக் கலப்பு அணிப் பந்தயம் முதன்முறையாக நடந்தது. இதில் ஆண்கள் முதலில் சறுக்குவர்; அவர்களுக்கு இடையிலான நேர வித்தியாசப்படியே பெண்களின் வாயில்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கும். ஜாகோபெல்லிஸின் இணை 40 வயதான நிக் பாம்கார்ட்னர். 76 வயதைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்ட அந்த அணிக்கே தங்கம் கிடைத்தது.