கண்ணாடியில் ஏறும் கரி

புயலில் மின்சாரம் போன இரவுகளில், கோவளம் குப்பத்து வீடுகளில் பரணிலிருந்து அரிக்கேன் விளக்கு இறங்கும். திரியைக் கொஞ்சம் கூடுதலாகத் தூண்டிவிட்டால் போதும், கண்ணாடி கரி பிடித்துவிடும். காலையில் பழந்துணியில் சாம்பல் தொட்டுத் துடைக்க வேண்டும். புகை மேலே போகவேண்டியதுதானே? பக்கத்தில் நிற்கும் கண்ணாடியில் ஏன் போய் அப்புகிறது?

கண்ணாடியும் சூடுதான். ஆனால் சுடரையொட்டிய வாயு அதைவிடப் பல நூறு டிகிரி அதிகச் சூடு. இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட ஒரு கரித்துகளைப் பாருங்கள். அதன் குறுக்களவு சுமார் 30 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரில் முப்பதாயிரத்துக்கும் மேல் அடுக்கலாம். சாதாரணக் காற்றில் ஒரு மூலக்கூறு அடுத்த மோதலுக்குமுன் ஓடும் தூரம் சராசரியாக 70 நானோமீட்டர். சுடரருகே அது இன்னும் நீளும். ஆகவே இந்தத் துகளின்மேல் காற்று தனித்தனி அடிகளாகத்தான் விழுகிறது. சூடான பக்கத்து மூலக்கூறு வேகமாக வந்து பலமாக இடிக்கும். குளிர்ந்த பக்கத்து அடி மெலிது. ஆனால் அங்கே மூலக்கூறுகள் நெருக்கம் என்பதால் அடிகள் அதிகம். இரண்டும் ஏறக்குறைய சமமாகின்றன. ஏறக்குறையத்தான்! வெப்பம் பாயும் திசையில் ஒரு துளி தள்ளல் மிஞ்சுகிறது. அந்த மிச்சமே துகளைக் கண்ணாடிக்குக் கொண்டுசேர்க்கிறது. எனக்கு இதில் தீராத வியப்பு.

தூசு மிதக்கும் காற்றில் ஒளிக்கற்றையைப் பாய்ச்சிய இயற்பியலாளர் ஜான் டிண்டல், காய்ச்சிய பொருளுக்கு மேலே தூசியே இல்லாத கரும்பட்டை எழுவதை 1870-இல் எழுதினார். தூசியை அங்கிருந்து விலக்கியது இந்தத் தள்ளலே. வெப்ப வேறுபாடு வாயுவில் உண்டாக்கும் விசைகளை இயற்பியலாளர் மேக்ஸ்வெல் தாம் இறந்த 1879-இல் கணக்கிட்டார். துகள்கள் இப்படி நகர்வதற்குத் தெர்மோஃபோரெசிஸ் என்று பெயர். ஒளியிழை செய்யும்போது கண்ணாடித் துகள்களைக் குழாயின் உட்சுவரில் படியவைப்பதும் இதே தள்ளல்தான்.

கோவளத்திலிருந்து மாமல்லபுரம் தாண்டி, கல்பாக்கத்தில் இதே தள்ளல் பாதுகாப்பு விஷயம். அங்கே இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் 1985 முதல் இயங்கும் சோதனை வேக ஈனுலையைக் குளிர்விப்பது உருகிய சோடியம். சோடியம் காற்றில் பட்டால் எரிந்து அடர்ந்த வெண்புகை கிளம்பும். அந்தப் புகைத்துகள்களின் போக்கை ஆராயவே மையத்தில் தனி ஆய்வுக்கூடம் உண்டு. எத்தனை துகள் தரையில் படியும், எத்தனை ஒன்றோடொன்று திரளும், எத்தனை குளிர்ந்த சுவரில் ஒட்டும் என்பதெல்லாம் விபத்துக் கணக்கில் வரும். சுவரில் ஒட்டிய துகள் கட்டடத்தைவிட்டு வெளியே கசியாது.