கிப்பாஸில் பொறித்த இரண்டு எண்கள்



ஹுத்தான் மெலிந்தாங்கில் பெர்னாம் ஆற்றங்கரைக்குப் போயிருக்கிறீர்களா? நாம் நிற்கும் கரை பேராக், எதிர்க்கரை சிலாங்கூர். நடுவே கலங்கலாக ஓடுகிறது ஆறு. மீன்பிடிப் படகுகள் இந்த ஆற்று வழியாகத்தான் மலாக்கா நீரிணைக்குப் போய் வருகின்றன.

அவற்றில் சில பெரிய இழுவலைப் படகுகள். எஞ்சின் படகின் வயிற்றுக்குள் இருக்கும். மற்றவை சிறிய படகுகள். எஞ்சினைப் பின்பக்கத்தில் மாட்டியிருப்பார்கள். மலாய்க்காரர்கள் இதை 'எஞ்சின் சங்குட்' என்பார்கள், தொங்கும் எஞ்சின் என்று பொருள். அதன் அடியில் நீருக்குள் சுழலும் புரொப்பெல்லருக்கு அவர்கள் வைத்த பெயர் 'கிப்பாஸ்', அதாவது விசிறி.

இப்போது ஒரு கேள்வி. இரண்டு சிறிய படகுகள், இரண்டிலும் ஒரே எஞ்சின். ஒன்றில் வலை, ஐஸ் பெட்டி, நான்கு பேர். இன்னொன்றில் ஒரே ஒருவர். இரண்டுக்கும் ஒரே கிப்பாஸ் போதுமா?

போதாது. ஏன் என்று பார்ப்போம்.

ஒரு சுற்றுக்கு ஓர் அடிக்கோல்

கிப்பாஸின் இறக்கைகள் சாய்வாக இருக்கும். அவை சுழலும்போது தண்ணீரைப் பின்னால் தள்ளுகின்றன. தண்ணீர் அதே விசையோடு கிப்பாஸை முன்னால் தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி இதுதான். நீச்சலடிக்கும்போது கையால் தண்ணீரைப் பின்னால் தள்ளி நீங்கள் முன்னே போகிறீர்கள் அல்லவா, அதே வேலை.

பெரும்பாலான கிப்பாஸ்களில் இரண்டு எண்கள் பொறித்திருக்கும். 11 × 12 என்று வைத்துக்கொள்வோம். முதல் எண் விட்டம்: இறக்கைகளின் நுனி சுழன்று வரையும் வட்டம் 11 அங்குல அகலம். இரண்டாவது எண் 'பிட்ச்'. மரத்தில் திருகாணியை ஒரு சுற்று திருப்பினால் அது கொஞ்சம் உள்ளே இறங்கும். அதுபோல, கிப்பாஸ் ஒரு சுற்று சுற்றினால் எவ்வளவு தூரம் முன்னேற வேண்டும் என்பதே பிட்ச். 12 அங்குலம் என்றால் உங்கள் பள்ளிப் பையில் இருக்கும் அடிக்கோலின் நீளம்.

கணக்குப் போடுவோமா? எஞ்சின் நிமிடத்துக்கு 5,000 சுற்று சுற்றுகிறது. இடையே இருக்கும் பற்சக்கரங்கள் அதைப் பாதியாக்கினால் கிப்பாஸுக்கு 2,500 சுற்று. ஒரு சுற்றுக்கு ஓர் அடி. ஆகவே நிமிடத்துக்கு 2,500 அடி, அதாவது 762 மீட்டர். மணிக்கு ஏறக்குறைய 46 கிலோமீட்டர்.

ஆனால் படகு அவ்வளவு வேகம் போகாது. மரம் திருகாணியைப் பிடித்துக்கொள்ளும், தண்ணீர் நழுவிவிடும். ஐந்தில் ஒரு பங்கு நழுவலில் போனால் மணிக்குச் சுமார் 37 கிலோமீட்டர்தான் மிஞ்சும்.

தேங்காய் மூட்டையும் சைக்கிளும்

'அப்படியானால் பிட்சைக் கூட்டினால் வேகமும் கூடுமே!' என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. கியர் சைக்கிளின் பின்னால் ஒரு தேங்காய் மூட்டையைக் கட்டிப் பாலத்து ஏற்றத்தில் ஏறிப் பாருங்கள். ஒரு மிதிக்கு அதிக தூரம் போகும் கியரில் இருந்தால் காலே நகராது. மூட்டையை இறக்கிவிட்டுச் சமதரையில் குறைந்த கியரில் ஓட்டினால், கால் வேகமாகச் சுற்றும், சைக்கிளோ மெதுவாகத்தான் போகும்.

பிட்சும் அப்படித்தான். சுமை ஏற்றிய படகுக்கு அதிக பிட்ச் கொடுத்தால் எஞ்சின் திணறும், சூடேறும், எண்ணெயை வீணாகக் குடிக்கும். காலிப் படகுக்குக் குறைந்த பிட்ச் கொடுத்தால் எஞ்சின் தன் எல்லையைத் தாண்டிச் சுற்றும். உள்ளே இருக்கும் பாகங்கள் தேயும்.

ஒவ்வொரு எஞ்சினுக்கும் முழு வேகத்தில் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்று அதைச் செய்தவர்களே குறித்திருப்பார்கள். 4,500 முதல் 5,500 வரை என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான சுமையோடு படகை ஆற்றில் விட்டு, முழு வேகத்தில் சுற்றுமானியைப் பார்க்க வேண்டும். 4,400தான் காட்டுகிறதா? பிட்சைக் குறைக்க வேண்டும். ஓர் அங்குலம் குறைத்தால் பொதுவாக 150 முதல் 200 சுற்று கூடும். இரண்டு அங்குலம் குறைத்தால் 4,700க்கு மேல் வந்துவிடும். எஞ்சின் இப்போது சிரமமில்லாமல் வேலை செய்யும்.

இழுவலைப் படகின் தேவை வேறு. கனமான வலையைத் தண்ணீருக்குள் மெதுவாக இழுக்க வேண்டும். அதனால் அதன் கிப்பாஸ் அகலமானது, நிதானமாகச் சுழல்வது. நிறைய தண்ணீரை மெதுவாகத் தள்ளினால் இழுவை கூடும்.

மட்டையும் கட்டையும் மிதக்கும் ஆறு

எந்த உலோகம் என்பதும் முக்கியம். ஆற்றில் நிப்பா மட்டை மிதக்கும், மரக்கட்டை மிதக்கும், அடியில் சேறும் உண்டு. எஃகு இறக்கை உறுதியானது, வடிவம் மாறாது, விலை அதிகம். ஆனால் கட்டையில் மோதினால் அந்த அதிர்ச்சி எஞ்சினின் பற்சக்கரம் வரை போகலாம். அலுமினிய இறக்கை மென்மையானது. தான் வளைந்து அடியை வாங்கிக்கொள்ளும். வேகத்துக்கு எஃகு நல்லது. கட்டை மிதக்கும் ஆற்றில் பலர் அலுமினியத்தையே நம்புகிறார்கள்.

உடைந்ததால் கிடைத்த பாடம்

சரியான கிப்பாஸைத் தேடிப் பெரிய பெரிய ஆட்களே தடுமாறியிருக்கிறார்கள். இங்கிலாந்தில் பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித் என்ற விவசாயி 1836இல் கப்பல் திருகுக்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய மரத்திருகு இரண்டு முழுச் சுற்று நீளம் கொண்டது. 1837இல் கால்வாயில் சோதித்தபோது அதில் பாதி உடைந்து போனது. படகு நிற்கவில்லை, முன்பைவிட வேகமாக ஓடியது! நீளமான திருகு தேவையில்லை என்பதை அந்த உடைசல் அவருக்குக் கற்றுக்கொடுத்தது.

சார்லஸ் பார்சன்ஸ் 1894இல் 'டர்பினியா' என்ற நீராவிக் கப்பலைக் கட்டினார். எஞ்சின் அற்புதமானது. ஆனால் ஒற்றைப் புரொப்பெல்லரோடு மணிக்கு 37 கிலோமீட்டரைக்கூட எட்டவில்லை. காரணம் குமிழிகள். இறக்கை மிக வேகமாகச் சுழன்றால் அதன் ஒரு பக்கத்தில் அழுத்தம் மிகவும் குறைந்து, சூடே இல்லாமல் தண்ணீர் ஆவியாகிக் குமிழியாகும். குமிழி சூழ்ந்த இறக்கைக்குத் தண்ணீர் பிடி கொடுக்காது. குமிழிகள் உடையும்போது உலோகத்தையும் அரிக்கும். இதற்குக் 'கேவிடேஷன்' என்று பெயர். பார்சன்ஸ் இதை ஆராய்ந்து, மூன்று தண்டுகளில் மும்மூன்றாக ஒன்பது புரொப்பெல்லர்களைப் பொருத்தினார். டர்பினியா மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டியது.

ஸ்மித்தும் பார்சன்ஸும் தண்ணீரில் ஓட்டிப் பார்த்துத்தான் விடை கண்டார்கள். நம் ஆற்றுப் படகோட்டிக்கும் அதே வழிதான்: சுமையேற்று, ஓட்டு, சுற்றுமானியைப் பார், மாற்று, மறுபடி ஓட்டு.

அடுத்த முறை படகுத்துறைக்குப் பெரியவர்களோடு போகும்போது, கரையேற்றி எஞ்சினை அணைத்து வைத்திருக்கும் படகின் கிப்பாஸைப் பாருங்கள். ஓடும் எஞ்சினின் அருகே போகவே கூடாது. இரண்டாவது எண்ணைக் குறித்துக்கொண்டு, 'இந்தப் படகில் என்ன ஏற்றுவீர்கள், அங்கிள்?' என்று கேளுங்கள். அவர் சொல்லும் சுமையும் நீங்கள் குறித்த எண்ணும் பொருந்துகின்றனவா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.